மச்சாள் எழுதிய அட்டை

நானும் மச்சாளும் கதைக்காமல் விட்டு இரண்டு வருசமாகிறது. கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் காசுப் பிரச்சினை என்றே முடிவு கட்டினார்கள். சேர்ந்து வியாபாரம் செய்த இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேறென்ன இருக்கப்போகிறது என்பது அவர்கள் எண்ணம். காசில் மச்சாள் ஒரு சதம்கூடப் பிசகியதில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். காசை எடுத்திருந்தால் ஒரு மாதம் திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த பொங்கலுக்குப் பலகாரத்தோடு அவர் வீட்டுப் படியேறியிருப்பேன். அவர் எடுத்தது வேறு.

மச்சாள் என்பவர் என் கணவரின் அக்கா. லவாலில் இருக்கிறார். பள்ளிக்கூட வயதிலேயே கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்தவர். பிரெஞ்சில் சண்டை பிடிக்கவும் தெரியும், குழையவும் தெரியும். நான் கலியாணம் கட்டி வந்தவள். லாசாலில் வாடகை வீடு, அதற்குக் கீழே ஒரு நிலவறை, நடந்து போகும் தூரத்தில் பிஸ்கட் பொதி செய்யும் தொழிற்சாலை. பதினாறு வருசம் அங்கே நின்றேன். இயந்திரத்தோடு எந்த மொழியிலும் பேசத் தேவையில்லை என்பதால் என் பிரெஞ்சு "பொன்ஜூர்", "மெர்சி" என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிட்டது.

இந்த நகரத்தில் பாதிப் பேர் யூலை முதலாம் திகதிதான் வீடு மாறுவார்கள். அன்றைக்கு நடைபாதைகளைப் பார்க்க வேண்டும். மேசை, கதிரை, லாச்சி என்கிற இழுப்பறைகள் வைத்த பெட்டகம், முகம் பார்க்கும் கண்ணாடி என்று மனிதர் வாழ்ந்த வீடுகள் எல்லாம் வெளியே வந்து வெயில் காயும். எங்கள் ஆட்களுக்கு அதைத் தொடுவது மானக்கேடு. தெருவில் கிடந்ததை வீட்டுக்குள் கொண்டுவந்தால் எவருடைய தீட்டுத் துடக்கோ, எவருடைய தரித்திரமோ கூடவே வரும் என்பார்கள். அது போதாதென்று மூட்டைப்பூச்சிப் பயம் வேறு.

ஒரு கால் உடைந்த பெட்டகத்தை முதலில் கண்டது நான்தான். ஐந்து லாச்சி, நல்ல கனமான மேப்பிள் மரம். மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். தன் கணவரின் வானை ஓட்டிக்கொண்டு வந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டு, வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவர்போல் இறங்கினார்.

"எங்கட ஆக்கள் ஆரும் வருகினமோ எண்டு பார். நான் தூக்கிறன்."

"தனியத் தூக்கேலாது மச்சாள்."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு தூக்கு. நாங்கள் பாக்காட்டி அவையும் எங்களைப் பாக்கமாட்டினம்."

சிரித்துச் சிரித்துப் பெட்டகத்தை இரண்டு தடவை கீழே போட்டோம். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் நான் நம்பினேன். வெளிநாட்டுக்கு வந்த பிறகு வயிறு நோகச் சிரித்தது அவரோடு மட்டும்தான் என்பதை இன்றைக்கும் மறுக்க முடியவில்லை.

துணி, பஞ்சு வைத்த எதையும் நாங்கள் தொடவில்லை. மரம் மட்டும்தான். கழுவிக் காயவைத்து, பழைய பூச்சைச் சுரண்டி, உடைந்த காலுக்குப் புதுக்கால் வைத்து, பிறகு வர்ணம். முதலில் கடும் நிறம் ஒன்று. அது காய்ந்ததும் விளிம்புகளில் மெழுகுதிரியால் தேய்ப்பேன். அதற்கு மேலே வெளிர் நிறம், சுண்ணாம்புபோல் மினுக்கமில்லாமல் நிற்கும் வகை. மெழுகு பட்ட இடத்தில் மேல்நிறம் ஒட்டாது. சாண்ட் பேப்பரால் இலேசாகத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் உரிந்து உள்நிறம் தெரியும். நாலு தலைமுறை பாவித்த சாமான்போல் ஆகிவிடும். புதிதாகப் பூசியதைப் பழசாக்கி விற்பதைக் கேட்டு என் கணவர் தலையில் கை வைத்தார். அவருக்கு வெள்ளைக்காரரின் விசர்கள் எல்லாவற்றிலும் இதுதான் முதலாவது விசர்.

கைவேலை என்னுடையது. மச்சாளுக்கு அதில் பொறுமை இல்லை. அவர் தேய்த்தால் நான்கு மூலையும் ஒரே அளவாக உரிந்து, புத்த பிக்குவான ஆமத்துறுவின் மொட்டைத் தலைபோல் நிற்கும். அலுமாரி ஒருநாளும் அப்படித் தேயாது என்று நான் சொல்லிக் கொடுத்தேன். வலக்கைக்காரர் வலப்பக்கக் குமிழைத்தான் பிடிப்பார்கள். இரண்டு கையிலும் உடுப்பு இருக்கும்போது கீழ் லாச்சியைக் காலால் தள்ளுவார்கள். மேல்தட்டின் பின்பக்கத்தில் எவரும் கை வைப்பதில்லை. அங்கே பெயின்ற் அப்படியே இருக்க வேண்டும். நான் ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் நின்று திறந்து, மூடி, சாய்ந்து, நடித்துப் பார்த்துவிட்டுத்தான் தேய்ப்பேன். "விசரி" என்பார் மச்சாள், அன்போடு.

இரண்டாவது பனிக்காலம் ஒரு சிறிய அலுமாரி கிடைத்தது. குழந்தைகளுக்கானது, ஒற்றைக் கதவு. வழக்கம்போல் முன்னால் நின்று யார் எங்கே பிடிப்பார்கள் என்று யோசித்தேன். என் கை கீழே போய், ஒரு பதினொரு வயதுப் பையன் பிடித்துத் தொங்கும் உயரத்தில் கதவு விளிம்பைத் தேய்க்கத் தொடங்கியது. தேய்த்துக்கொண்டே இருந்தேன். மரம் வரை போய்விட்டேன். மச்சாள் என் கையைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

அன்றைக்குத்தான் சொன்னேன். அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்த நாள். எனக்குப் பதினைந்து வயது. சந்திவரைக்கும் வந்தபிறகுதான், புதுச் செருப்பை அலுமாரியின் கீழ்த்தட்டில் பெட்டியோடு விட்டுவிட்டு வந்தது நினைவு வந்தது. ஒரு நாளும் போடாத செருப்பு. தம்பியிடம் சைக்கிள் இருந்தது. சனநெரிசலில் அம்மா முன்னுக்குப் போய்விட்டார். "ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா, அம்மாவுக்குச் சொல்லாதை" என்றேன். அவன் போனான். பிறகு எங்கள் வீட்டுக்கும் சந்திக்கும் நடுவில், ஷெல் விழுந்த இடத்தில், சைக்கிளோடு கண்டெடுத்தார்கள். செருப்புப் பெட்டி அவனிடம் இருந்ததா என்று நான் எவரிடமும் கேட்கவில்லை.

அவன் ஏன் திரும்பிப் போனான் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குழப்படிகாரன், பட்டத்தை எடுக்கப் போயிருப்பான் என்று அம்மா கடைசிவரை சொன்னார். ரொறன்ரோவில் அண்ணன் வீட்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கதைப்பார். அவன் பேச்சு வந்தால் இதையும் சொல்லாமல் விடமாட்டார். செத்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் "ஓம் அம்மா" என்றிருந்தேன். போன வருசம் அம்மா போய்ச் சேர்ந்தார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. என் கணவருக்கு, தம்பி ஷெல் விழுந்து செத்தான் என்ற ஒற்றை வசனத்தோடு விட்டிருந்தேன். மிச்சத்தை அவர் இதை வாசித்துத்தான் அறியப்போகிறார்.

மச்சாள் என்னைவிட அதிகமாக அழுதார். தன் சுவெற்றர் கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். "என்ர பிள்ளையளாணை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று என் தலையில் கை வைத்தார். இருபத்தைந்து வருசமாக நெஞ்சில் கிடந்ததை ஒருவரிடம் கொடுத்துவிட்ட ஆறுதலில் அன்றைக்கு மத்தியானம் நான் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். அது இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதற்கடுத்த வசந்தத்தில் லொங்குய்யில் ஒரு சனிக்கிழமைச் சந்தையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மண்டபத்துக்குள் இரண்டு மேசை அளவு இடம். என் கணவர் வானில் ஏற்றிவந்து இறக்கித் தருவார். மச்சாள் கதைப்பார். நான் பக்கத்தில் நின்று தூசி தட்டுவேன். சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை கட்டிவிடலாம் என்பது மச்சாளின் யோசனை. பால்நிற அட்டையில் பிரெஞ்சில் அச்சடித்து, மூலையில் துளை போட்டுக் கொண்டுவந்தார்.

"என்ன மச்சாள் எழுதியிருக்கு?"

"எப்பிடித் துடைக்கிறது, தண்ணி படாமல் எப்பிடி வைச்சிருக்கிறது எண்டு. இவைக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுக்கவேணும்."

நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்தான் அட்டைகளைக் கட்டினேன். வெறும் நூலில் கட்டினால் வடிவில்லை என்று சணல் கயிறு வாங்கி, பூமாலை கட்டுகிறமாதிரி இரட்டை முடிச்சுப் போட்டு, எழுத்துப் பக்கம் வெளியே தெரியத் திருப்பிவைத்தேன். அட்டை நேராக நிற்காவிட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன்.

சாமான்கள் சந்தையில் நிற்கவில்லை. அட்டையை வாசிக்கும் ஆட்களின் முகம் மாறும். சிலர் நெஞ்சில் கை வைப்பார்கள். துடைக்கும் விதத்தைப் படித்துவிட்டு இவ்வளவு உருகுகிறார்களே, நல்ல சனங்கள் என்று நினைத்தேன். ஒருமுறை வயதான ஒரு பெண் மச்சாளைக் கட்டிப்பிடித்துவிட்டு, என் கையையும் பிடித்து ஏதோ சொன்னார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அவவுக்கு உன்ர வேலை நல்லாப் பிடிச்சிருக்காம்" என்றார் மச்சாள்.

"மெர்சி, மெர்சி" என்று நான் பல்லைக் காட்டினேன். கடவுளே, சிரித்தேன் நான்.

தொழிற்சாலையை மூடியபோது பிரெஞ்சு வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வயதில் பென்சிலும் கொப்பியுமாகப் போனேன். முதல் பாடங்களில் குடும்பம் வந்தது: மேர் என்றால் அம்மா, ஃப்ரேர் என்றால் சகோதரன். பிறகு உடுப்புகள் வந்தன. வருசத்தில் பாதி பனி பெய்யும் ஊரில் செருப்பு என்ற சொல்லை எதற்குப் படிப்பிக்கிறார்கள் என்று வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். சாந்தால். அதையும் ஐந்து தடவை எழுதினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நிலவறையில் உட்கார்ந்து அட்டை கட்டிக்கொண்டிருந்தேன். படித்ததைச் சோதித்துப் பார்க்கலாமே என்று ஒரு அட்டையைத் தூக்கி, சிறு பிள்ளைபோல் விரல் வைத்து வாசித்தேன். தண்ணீர் என்ற சொல்லைத் தேடினேன், அது இல்லை. ஃப்ரேர் இருந்தது. சின்னத் தம்பி என்று இருந்தது. வீடு இருந்தது. மூன்றாவது வரியில் சாந்தால் இருந்தது.

கைத்தொலைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்தேன். அது அரைகுறைத் தமிழில்தான் கொடுத்தது, ஆனால் விளங்காமல் போக அதில் ஒன்றும் இல்லை. "போரின்போது நாங்கள் வீட்டை விட்டு ஓடினோம். என் சின்னத் தம்பி என் புதுச் செருப்பை எடுக்கத் திரும்பிப் போனான். நான்தான் அனுப்பினேன். அவன் வரவில்லை. நான் திருத்தும் ஒவ்வொரு அலுமாரியிலும் அவன் கை பட்டிருக்கக்கூடிய இடத்தைத் தேய்க்கிறேன்." கீழே மச்சாளின் பெயர்.

பெட்டிக்குள் இன்னும் முப்பது, நாற்பது அட்டை இருந்தன. எல்லாம் ஒன்றேதான். ஒரு வருசமாக நான் கட்டி அனுப்பியவை. யார் யாருடைய படுக்கையறையிலோ, யார் யாருடைய சமையலறையிலோ என் தம்பி தொங்கிக்கொண்டிருக்கிறான், நான் போட்ட முடிச்சில்.

வகுப்புக் கொப்பியைக்கூட மூடிவைக்காமல் மெற்றோ எடுத்து லவாலுக்குப் போனேன். கடைசித் தரிப்பு வரும்வரை நின்றுகொண்டே போனேன். இருக்க மனம் வரவில்லை. மச்சாள் குசினியில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். அட்டையை மாவின் மேல் வைத்தேன்.

பார்த்தார். கை நிற்கவில்லை. ஒரு ரோல்ஸைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் கதைத்தார்.

"வாசிக்கப் பழகிட்டியோ?"

"பிள்ளையளாணை எண்டு சத்தியம் பண்ணினனீங்கள்."

"பண்ணினனான்தான். எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லையே. இதுகள் வெள்ளையள். இதுகள் உன்ர அம்மாவுக்குப் போய்ச் சொல்லப் போகுதுகளோ? நான் ஆணையை மீறேல்லை."

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். எங்களுக்குள் இரகசியம் என்றால் தமிழ் ஆட்களுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் பொருள். மிச்ச உலகத்தை நாங்கள் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. பேருந்தில் குடும்பச் சண்டையைச் சத்தமாகக் கதைக்கிறவர்கள்தானே நாங்கள். நானும் கதைத்திருக்கிறேன். அந்த நினைப்பு என் கோபத்தைக் குறைக்கவில்லை, இன்னும் கூட்டியது.

"அது என்ர தம்பி, மச்சாள்."

"உன்ர பேரைப் போட்டனானோ? என்ர பேரைத்தானே போட்டிருக்கிறன். நான்தான் அனுப்பினனான் எண்டு பழியை நான் எல்லோ ஏத்திருக்கிறன். உனக்கென்ன குறை?"

அந்தப் பழி என்னுடையது, அதைத் தூக்கிக்கொண்டு திரிய எனக்கு மட்டும்தான் உரிமை இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். ரோல்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதோட, சும்மா பெயின்ற் அடிச்ச பெட்டகத்தை ஆர் வாங்குவினம்? அதுகள் அழுதழுது வாங்குதுகள். உன்ர வேலைக்கும்தானே மரியாதை." பிறகு, நான் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்து, "உன்ர மனுசனும் வாசிச்சவன்தான். அவன் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

என் கணவர். அவருக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். ஒவ்வொரு சனியும் சாமான் இறக்கியவர் அவர்.

"அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

"கற்பனை எண்டு சொன்னனான். பயப்பிடாதை."

வீட்டுக்குத் திரும்பி வந்த வழி எனக்கு நினைவில்லை. வந்தபோது அவர் வேலையால் வந்து, குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருந்தார். நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டும் சத்தம் கேட்டது. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். மச்சாள் அதற்குள் தொலைபேசி எடுத்துவிட்டிருந்தார்.

"அக்கா எடுத்தவ. அட்டையைப் பாத்துட்டு நீர் கோவிச்சுக்கொண்டு வந்திட்டீராம்."

நான் கதிரையில் இருந்தேன். ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இந்த மனிதரோடு இருபது வருசம் வாழ்ந்திருக்கிறேன். சொன்னால் என்னை வெறுக்க மாட்டார். அந்த அட்டையிலிருந்து தம்பியை இறக்கி எடுக்க எனக்கு வேறு வழியும் இல்லை. அது மச்சாளின் கதை இல்லை, என்னுடையது என்று ஒருவருக்காவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

அவர் முந்திவிட்டார். என் தோளில் கை வைத்து, மிகவும் இதமாகத்தான் சொன்னார்.

"விளங்குது. உம்மட தம்பியும் ஷெல்லில போனவர்தானே, வாசிக்க அந்த ஞாபகம் வந்திருக்கும். நானும் அக்காவுக்குச் சொன்னனான், இப்பிடிச் சோடிக்கிறது சரியில்லை, கேக்கிறவன் நம்பமாட்டான் எண்டு. இது அவ சும்மா எழுதினது. நீரே யோசிச்சுப் பாரும். அந்த நேரத்தில ஆராவது ஒரு செருப்புக்காகச் சின்னப்பிள்ளையைத் திருப்பி அனுப்புவினமோ?"

அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"அனுப்பமாட்டினம்" என்றேன்.